பழைய கார் அலைஞ்சா அது வயசு இல்லங்க: சஸ்பென்ஷன்ல எதை எப்ப மாத்தணும்

மதுரையில பழைய கார் வச்சிருக்கிற யார்கிட்ட பேச்சுக் குடுத்தாலும் ஒரு வசனம் கட்டாயம் வரும், "அம்பாசிடர்னா அப்படித்தாங்க, கொஞ்சம் அலையும்." பத்மினிக்காரங்ககிட்ட, அதாவது பழைய பியட் வச்சிருக்கிறவங்ககிட்ட, கேட்டா "பியட்டுல முன்னாடி டொக்கு டொக்குன்னு சத்தம் வரத்தான் செய்யும்"பாங்க. இந்தப் பேச்சை நான் ஒத்துக்கிறதே இல்ல. சக்கரத்தையும் பாடியையும் இணைக்கிற ஸ்பிரிங், ஷாக், ஆர்ம், ரப்பர் எல்லாம் சேர்ந்ததுதான் சஸ்பென்ஷன், சங்கதி அதுலதான் இருக்கு. அம்பாசிடருக்கு ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், முன்னாடி ரெண்டு வீலுக்கும் தனித்தனியா டார்ஷன் பார் (முறுக்கி ஸ்பிரிங் வேலை செய்யுற எஃகுக் கம்பி), பின்னாடி லீஃப் ஸ்பிரிங் (பட்டை பட்டையா அடுக்குன ஸ்பிரிங்). மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3-ன்னு 1950-கள்ல இங்கிலாந்துல வந்த வண்டியைத்தான் மேற்கு வங்காளத்து உத்தரபாராவுல 2014 வரைக்கும் மாத்தி மாத்தி செஞ்சாங்க. அந்த அமைப்பு நேரா ஓடுறதுக்குன்னு யோசிச்சுப் பண்ணது. அது ரோட்டுல அங்கிட்டும் இங்கிட்டும் போகுதுன்னா உள்ள ஏதோ ஒரு பார்ட்டு செத்துப் போச்சுன்னு அர்த்தம், வண்டியோட குணம் அப்படின்னு அர்த்தம் இல்ல.

இதுல சிக்கல் என்னன்னா எதுவும் ஒரே நாள்ல கெடுறதில்ல. வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா தளரும், ஓட்டுறவரோட கையும் கூடவே பழகிக்கிட்டே வந்துரும், ஸ்டீயரிங்கை எப்பவும் லேசா திருத்திக்கிட்டே போறது அவருக்கே தெரியாது. அதனால முதல் வேலையா, அதே மாடலை நல்லா வச்சிருக்கிற யாராவது தெரிஞ்சவர் இருந்தா அவர் வண்டியை ஒரு நடை கேட்டு ஓட்டிப் பாருங்க. திருமங்கலம் வரைக்கும் போயிட்டு வந்தாலே போதும், நம்ம வண்டியில என்ன இல்லைங்கிறது உடம்புக்கே தெரிஞ்சுரும்.

அடுத்து காசு எங்க போகுதுங்கிறதைப் பாருங்க. வண்டி பின்னாடி தாழ்ந்தா உடனே ஸ்பிரிங் மாத்துறாங்க, தூக்கிப் போட்டா ஸ்பிரிங் ஆட்டத்தை அடக்குற ஷாக்கப்சரை மாத்துறாங்க, ரெண்டும் விலை கூடுன சாமான், மாத்தி முடிச்ச பிறகும் பழைய சத்தம் அப்படியே இருக்கும், ஏன்னா இரும்பும் இரும்பும் சேர்ற இடத்துல இருக்கிற சின்னச் சின்ன ரப்பர் புஷ்ஷை யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. என்னோட கணக்கு இதுக்கு நேர் எதிர். சஸ்பென்ஷன்ல இருக்கிற சாமான் எல்லாம் ஒரே மாதிரி சாகாது. ரப்பர் காலத்தால சாகும், ஓடுனாலும் ஓடாட்டியும். கிங் பின் (முன் வீல் திரும்புற அச்சு), ட்ரனியன் (அந்த அச்சோட முனையில இருக்கிற மூட்டு), ஷேக்கிள் பின் (லீஃப் ஸ்பிரிங் முனையைத் தொங்க விடுற பின்) மாதிரி இரும்பு மூட்டுங்க கிரீஸ் இல்லாம சாகும். ஷாக் வேலை செஞ்சு செஞ்சு சாகும். ஸ்பிரிங்தான் கடைசி, அது பாரத்தால மெல்லத் தளரும். அதனால மீட்டர்ல எத்தனை கிலோமீட்டர்னு பார்த்து எல்லாத்துக்கும் ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது, பழைய வண்டியில பாதி மீட்டர் வேலையே செய்யாதுங்கிறது தனிக் கதை.

ஆனா அடியில குனியறதுக்கு முன்னாடி டயரைப் பார்த்துருங்க. டயர் ஓரத்துல கடைசியா நாலு நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், 2319-னா 2019-ல 23-வது வாரம். பட்டன் நல்லா இருந்தாலும் பத்து வருஷ டயர் கட்டை மாதிரி இறுகியிருக்கும், ஷெட்டுல ஒரே இடத்துல நின்ன வண்டியில ஒரு பக்கம் தட்டையாவும் ஆகியிருக்கும், அது குடுக்கிற ஆட்டத்துக்கு சஸ்பென்ஷனைக் குறை சொல்லிப் புண்ணியமில்ல. அதே டயர்தான் நல்ல சாட்சியும். உள் ஓரம் மட்டும் தேய்ஞ்சிருந்தா வீல் மேல்பக்கம் உள்ள சாஞ்சிருக்கு, அதாவது வண்டி தாழ்ந்திருக்கு இல்லைன்னா வீலைப் பாடியோட பிடிக்கிற ஆர்மோட புஷ் போயிருச்சு. கையை வச்சு ஒரு பக்கமா தடவுனா வழுவழுன்னும் எதிர்ப்பக்கமா தடவுனா ரம்பம் மாதிரியும் இருந்தா அலைன்மெண்ட், அதாவது வீல் நிக்கிற கோணம், தப்பு. சுத்தி வர அங்கங்க குழி குழியா தின்னிருந்தா வீல் ரோட்டுல குதிச்சுக்கிட்டே ஓடியிருக்கு, பெரும்பாலும் ஷாக் செத்த அடையாளம், சில நேரம் வீல் பேலன்ஸும் காரணமா இருக்கும்.

இப்ப ரப்பருக்கு வருவோம், ஏன்னா நம்ம ஊருல முதல்ல போறது இதுதான். வெயில், காத்துல இருக்கிற ஓசோன், ஆயில் இந்த மூணும் ரப்பருக்கு எமன். சித்திரை வைகாசியில மதுரை 40 டிகிரியைத் தொடுது, தாரு ரோட்டுக்கு மேல நிக்கிற வண்டியோட அடிப்பகுதி அதுக்கு மேலயும் சுடும். இதோட நம்ம பழக்கம் ஒண்ணு சேர்ந்துக்கிடுது. வாட்டர் சர்வீஸ் விட்டா கடைசியில துரு பிடிக்காம இருக்கன்னு சொல்லி அடியில பூராம் டீசலையோ வேஸ்ட் ஆயிலையோ ஸ்பிரே அடிச்சு விடுவாங்க. இரும்புக்கு அது நல்லதா இருக்கலாம், இயற்கை ரப்பர் புஷ்ஷுக்கு அது விஷம், ஆயிலைக் குடிச்சு உப்பி கொழகொழன்னு ஆயிரும். தயவு செஞ்சு வேண்டாம்னு சொல்லிருங்க, லீஃப் ஸ்பிரிங்குக்கு மட்டும் போதும்னாலும் ஷேக்கிள் புஷ் அதுக்குப் பக்கத்துலயேதான் இருக்கு. எஞ்சின்ல ஆயில் ஒழுகுற வண்டியில கீழ் ஆர்ம் புஷ் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் போறதும் இதனாலதான், அங்க புஷ்ஷை மட்டும் மாத்திப் பிரயோஜனம் இல்ல, ஒழுகுறதை அடைச்சிட்டு மாத்தணும்.

புஷ்ஷைக் கண்ணால பார்க்கும்போது வெளி உதட்டுல இருக்கிற மெல்லிய வெடிப்பைப் பார்த்து பயப்பட வேண்டாம், அது எல்லா பழைய புஷ்ஷுலயும் இருக்கும். பார்க்க வேண்டியது, நடுவுல இருக்கிற இரும்புக் குழாய் வட்டத்துக்கு மையத்துல இருக்கா, ஒரு பக்கமா இறங்கியிருக்கா, ரப்பர் இரும்பை விட்டுப் பிரிஞ்சு வந்திருக்கா, சுத்தி கருப்புப் பொடி உதிர்ந்திருக்கா. டார்ச்சை வச்சுக்கிட்டு ஒரு சின்னக் கடப்பாறையை ஆர்முக்கும் பிரேமுக்கும் நடுவுல குடுத்து லேசா நெம்புங்க. நல்ல புஷ் கொஞ்சம் குடுத்துட்டு அப்படியே திரும்ப இழுத்துக்கும். செத்த புஷ் டொக்குன்னு இரும்புல போய் இடிக்கும், அல்லது நெம்புன இடத்துலயே நின்னுக்கும். கிறீச் கிறீச்னு சத்தம் மட்டும் வருது, எங்கன்னு தெரியலைன்னா ஒரு பாட்டில்ல தண்ணி எடுத்துக்கிட்டு ஒருத்தரை வண்டியை அமுக்கச் சொல்லி ஒவ்வொரு புஷ்ஷா பீச்சுங்க, எதுல தண்ணி பட்டதும் சத்தம் நிக்குதோ அதுதான் ஆள். ஆயில் அடிச்சு சோதிக்காதீங்க, சோதனையிலேயே புஷ் போயிரும்.

பத்து வருஷம் தாண்டுன ரப்பரை, வண்டி ஷெட்டுலயே நின்னிருந்தாலும், நான் மாத்துற பட்டியல்லதான் வைப்பேன். ரப்பர் விலை கம்மி, கழட்டி மாட்டுற கூலிதான் ஜாஸ்தி, அதனால ஒரு ஆர்மைக் கழட்டுனா அதுல இருக்கிற எல்லா ரப்பரையும் அப்பவே முடிச்சுருங்க. கடைக்காரர் பெருமையா "கம்பெனி சாமான் சார், அந்தக் காலத்து ஸ்டாக்"னு தூசி தட்டி ஒரு டப்பாவை எடுத்து வைப்பாரு. இரும்பா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கிருங்க, கிங் பின்னுக்கு அந்தக் காலத்து சாமான் கிடைக்கிறது யோகம். ரப்பரா இருந்தா வேண்டாம், பத்மினி நின்னே இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்தப் புஷ் டப்பாவுக்குள்ள இருந்தே கிழடாயிருக்கும், நகத்தால அமுக்குனா பள்ளம் விழுந்து மேல வரணும், வரலைன்னா வச்சிட்டு வந்துருங்க. டிவிஎஸ் 1911-ல தொடங்குன ஊரு இது, ரப்பர் மோல்டிங் தெரிஞ்ச ஆளுங்களுக்கு இங்க பஞ்சமே இல்ல, பழைய புஷ்ஷை மாதிரிக்குக் குடுத்து புதுசா வார்த்து வாங்குறது பல நேரம் நல்ல வழி. பாலியூரித்தேன் புஷ் போடலாமான்னு கேப்பாங்க. அது ரொம்ப நாள் உழைக்கும், வண்டியும் இறுக்கமா ஓடும், ஆனா ரோட்டோட அதிர்ச்சி பூராவும் பாடிக்கு ஏறும், அறுபது வருஷத்துத் தகட்டுல அந்த அதிர்ச்சி எங்க வெடிப்பு விடும்னு சொல்ல முடியாது. எனக்கு ரப்பர்தான் சரின்னு படுது.

மாட்டும்போது ஒரே ஒரு விஷயத்தை மெக்கானிக்கிட்ட வற்புறுத்திச் சொல்லுங்க. சைலன்ட் பிளாக் புஷ்ஷா இருந்தா, அதாவது ரப்பர் உள்குழாயோடவும் வெளிக்குழாயோடவும் ஒட்டியிருக்கிற வகையா இருந்தா, வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி நாலு சக்கரமும் தரையில நின்ன பிறகுதான் அந்த போல்ட்டைக் கடைசி டைட் வைக்கணும். வீல் தொங்கிக்கிட்டு இருக்கும்போதே டைட் வச்சா, இறக்குனதும் ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும், நிக்கிறப்பவும் முறுக்கு, ஓடுறப்ப இன்னும் முறுக்கு, அப்புறம் ஒரு வருஷத்துல கிழியாம என்ன செய்யும். "டூப்ளிகேட் புஷ், அதான் போயிருச்சு"ன்னு பழி சாமான் மேல விழும், மாட்டுன விதத்துல இருக்கிற தப்பு யாருக்கும் தெரியாது.

அடுத்து மூட்டுங்க. உயிர் சம்பந்தப்பட்ட இடம் இதுதான், இங்க சிக்கனம் பார்க்கக் கூடாது. சோதனை பழைய சோதனைதான், வீலைத் தூக்கி மேலயும் கீழயும் கை வச்சு ஆட்டிப் பார்க்கிறது. ஆனா ஜாக்கியை எங்க வைக்கிறோம்ங்கிறதுல பாதி விஷயம் இருக்கு. பத்மினியில காயில் ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மேல உக்காந்திருக்கு, அம்பாசிடர்ல டார்ஷன் பார் கீழ் ஆர்மைப் பிடிச்சு முறுக்குது. பிரேமுக்கு அடியில ஜாக்கி வச்சா ஸ்பிரிங்கோட விசை பூராவும் ஆர்மைக் கீழ தள்ளி மூட்டை இறுக்கிப் பிடிச்சுக்கும், எவ்வளவு தேய்ஞ்சிருந்தாலும் ஆட்டம் தெரியாது. கீழ் ஆர்ம்லயே, வீலுக்கு எவ்வளவு பக்கத்துல முடியுமோ அங்க ஜாக்கி வச்சுத் தூக்குங்க, அப்பத்தான் மூட்டு விடுபடும். மாருதி 800 மாதிரி ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து ஒரே தூணா நிக்கிற வகை) வண்டிக்கு இது தலைகீழ், அதுல பாடியைத் தூக்கணும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில போகாதீங்க, ஸ்டாண்டு குடுத்துட்டுப் போங்க.

ஒரு தடவை பட்டறையில பார்த்தது. ஒரு பத்மினி, முன் இடது வீல் மேல கீழ நல்லா ஆடுது, வண்டிக்காரப் பையன் "கிங் பின் போயிருச்சுண்ணே, செட்டு வாங்கிட்டே வந்துட்டேன்"னு டப்பாவை நீட்டுறான். பெரிய மெக்கானிக் டப்பாவை வாங்கவே இல்ல. "தம்பி, உள்ள ஏறி உக்காந்து பிரேக்கை மிதி, நான் விடச் சொல்ற வரைக்கும் காலை எடுக்காத"ன்னாரு. அவன் மிதிச்சதும் இவரு மறுபடி வீலை ஆட்டுறாரு, ஆட்டம் சுத்தமா இல்ல. "விடு"ங்கிறாரு, ஆடுது. "மிதி", ஆடல. "வீல் பேரிங்குப்பா இது, நட்டை ஒரு இழுப்பு இழுத்தாப் போதும், கிங் பின்னைத் திருப்பிக் குடுத்துட்டு வா"ன்னுட்டாரு. விஷயம் இவ்வளவுதான், பிரேக் பிடிச்சா டிரம்மும் வீல் மாட்டியிருக்கிற ஸ்டப் ஆக்சிலும் ஒண்ணாப் பூட்டிக்கும், பேரிங்கோட ஆட்டம் மறைஞ்சுரும், அப்பவும் ஆடுனா அதுக்குப் பின்னாடி இருக்கிற கிங் பின், ட்ரனியன், பால் ஜாயிண்ட் இதுலதான் தேய்மானம். இடமும் வலமுமா கை வச்சு ஆட்டுனா ஸ்டீயரிங் மூட்டுங்க, அதாவது டை ராட் என்ட், பத்மினியா இருந்தா ஐட்லர் ஆர்ம், எல்லாம் தெரியும், ஆனா அதைப் பார்க்க ஒருத்தர் ஆட்டணும் இன்னொருத்தர் அடியில கண்ணை வச்சு எந்த மூட்டுல அசைவு தொடங்குதுன்னு பார்க்கணும், ஒத்த ஆளால முடியாத வேலை.

லீவர் வகை ஷாக் (ஆயில் டப்பாவுல இருந்து ஒரு கை நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கும்) இருக்கிற மாரிஸ் மைனர் மாதிரி வண்டிகள்ல இன்னொரு சங்கதி இருக்கு. அதுல ஷாக்கோட கைதான் மேல் ஆர்ம். அந்த ஷாக்குக்குள்ள இருக்கிற தண்டு தேய்ஞ்சு புஷ்ல ஆட ஆரம்பிச்சா வீல் மேல்பக்கம் உள்ளயும் வெளியயும் ஆடும், கிங் பின் தேய்ஞ்ச மாதிரியே தெரியும், கிங் பின்னை மாத்திட்டு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிப்பாங்க. வீலை ஆட்டும்போது ஷாக் பாடியில தண்டு வெளிய வர்ற இடத்துல விரலை வச்சுப் பாருங்க, அசைவு அங்க இருந்தா பதில் அங்கதான். பழைய அம்பாசிடர்ல லீவர் ஷாக் இருந்தாலும் அந்தத் தண்டைப் பார்க்காம விடாதீங்க.

கிங் பின், ட்ரனியனுக்கு கிரீஸ் மட்டுமே ஆயுள். 1,500 கிலோமீட்டருக்கு ஒருக்கா, இல்லைன்னா ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, வீலைத் தூக்கி வச்சு அடிக்கணும், பாரம் ஏறி நிக்கிற பக்கத்துக்கு கிரீஸ் போகாது. பழைய கருப்பு கிரீஸ் வெளிய வந்து புதுசு எட்டிப் பார்க்கிற வரைக்கும் அடிக்கணும். நிப்பிள்ல கிரீஸ் ஏறாம வெளியவே வழியுதுன்னா அடைச்சிருக்கு, நிப்பிளைக் கழட்டி மாத்துங்க, அடிச்சாச்சுன்னு கணக்கு எழுதிட்டுப் போயிராதீங்க. ஸ்டாண்டர்டு ஹெரால்டு வச்சிருக்கிறவங்களுக்கு இதுல தனி எச்சரிக்கை. 1961-ல இருந்து மெட்ராஸ்ல செஞ்ச வண்டி, அதனால நம்ம பக்கம் இன்னும் அங்கங்க நிக்குது. அதோட கீழ் ட்ரனியன் மரை வச்ச பித்தளை, அதுக்கு கிரீஸ் இல்ல, 90 நம்பர் கியர் ஆயில்தான் போடணும். கிரீஸ் போட்டா உள்ள காய்ஞ்சு இறுகி மரையோட கீழ்ப்பக்கம் ஆயில் போகாது, தண்ணி தங்கி துரு பிடிக்கும், ஒரு நாள் திரும்பும்போது அந்தத் தண்டே மரையில ஒடிஞ்சு வீல் மடங்கி விழும். முன்னறிவிப்பு எதுவும் குடுக்காம நடக்கிற விஷயம் இது. ஸ்டீயரிங் இறுகுன மாதிரி இருந்தாலோ, எத்தனை வருஷமா ஆயில் போடலைன்னு தெரியாட்டியோ, கழட்டி மரையைப் பார்த்துட்டுத்தான் அடுத்த நடை.

ஷாக்கப்சருக்கு நம்ம ஊருல எல்லாரும் பண்ற சோதனை, மட்கார்டு மேல கை வச்சு அமுக்கி விடுறது. ஏறி ஒரு தடவை இறங்கி நின்னா நல்லது, ஆடிக்கிட்டே இருந்தா போச்சு. ஆடுனா போச்சுங்கிறது உண்மை. ஆடலைன்னா நல்லா இருக்குங்கிறதுதான் உண்மை இல்ல. அம்பாசிடர், பத்மினி ரெண்டுக்கும் பின்னாடி லீஃப் ஸ்பிரிங், பிளேட்டும் பிளேட்டும் ஒண்ணோட ஒண்ணு உரசுற உரசலே ஆட்டத்தை அடக்கிரும், நடுவுல துரு ஏறியிருந்தா கேக்கவே வேண்டாம். பின்னாடி ரெண்டு ஷாக்கையும் கழட்டிப் போட்டுட்டு அமுக்கிப் பார்த்தாலும் வண்டி அமைதியா நிக்கலாம். முன்னாடியும் கிங் பின் காய்ஞ்சு இறுகியிருந்தா இதே ஏமாத்து வேலைதான். ஷாக்கோட வேலை ஸ்பிரிங் ஆடுறதை நிறுத்துறது, தொட்டிலை ஆட்டி விட்டுட்டு கையால பிடிச்சு நிறுத்துற மாதிரி, அந்தக் கை எவ்வளவு பலமா இருக்குங்கிறதை நின்ன இடத்துல கண்டுபிடிக்க முடியாது, ஓடுனாத்தான் தெரியும்.

அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மேடு பள்ளமான கிராமத்து ரோட்டுல, வாடிப்பட்டி பக்கமோ உசிலம்பட்டி பக்கமோ, பத்துக் கிலோமீட்டர் ஓட்டிட்டு இறங்குனதும் நாலு ஷாக்கையும் கையால தொட்டுப் பாருங்க, சைலன்சர் பக்கம் கவனம். ஆட்டத்தை அடக்குற சக்தி பூராவும் சூடாத்தான் மாறும், அதனால வேலை செஞ்ச ஷாக் கதகதன்னு இருக்கும். மூணு சூடா இருந்து ஒண்ணு மட்டும் சில்லுன்னு இருந்தா அது சும்மா தொங்கிக்கிட்டு வந்திருக்கு. இன்னொண்ணு நத்தம் ரோடு பறக்கும் பாலம், 2023-ல திறந்தது, 7.3 கிலோமீட்டர், ஒரே சீரா ஜாயிண்ட் வந்துக்கிட்டே இருக்கும். ஜன்னலை இறக்கி விட்டு ஒரே வேகத்துல போங்க. ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் டப்புன்னு ஒரு தடவை பட்டு உடனே அடங்குனா சரி. ஒரு ஜாயிண்டுல ஏறுன ஆட்டம் அடங்குறதுக்குள்ள அடுத்தது வந்து இன்னும் கூடிக்கிட்டே போச்சுன்னா ஷாக் இல்ல. கைப்பிடிச் சுவர் பக்கத்துல இருக்கிறதால சத்தமும் திரும்பி வந்து நல்லாக் கேக்கும், கலகலன்னு வந்தா ஆன்டி ரோல் பார் (திரும்பும்போது வண்டி ரொம்பச் சாயாம பிடிக்கிற கம்பி) லிங்க் ரப்பர், ஒத்த டொக்குன்னா ஷேக்கிள் அல்லது மூட்டு.

டெலஸ்கோபிக் ஷாக்குல (குழாய்க்குள்ள குழாய் போயிட்டு வர்ற வகை) மேல லேசா ஆயில் மினுமினுப்பு இருந்தா கவலைப்பட வேண்டாம், தூசி அப்பி சொட்டுற அளவு நனைஞ்சிருந்தா மாத்தணும், ஒண்ணு போனாலும் அந்த ஆக்சில்ல இருக்கிற ஜோடியையும் சேர்த்து. லீவர் ஷாக்கை உடனே தூக்கிப் போடாதீங்க. லிங்கைக் கழட்டிட்டு கையை மேலயும் கீழயும் மெதுவா தள்ளிப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே கனமா எதிர்க்கணும். நடுவுல கொஞ்ச தூரம் காலியா போயி அப்புறம் கனம் வந்தா உள்ள ஆயில் குறைஞ்சு காத்து ஏறியிருக்கு, மூடியைச் சுத்தி நல்லாத் துடைச்சிட்டு ஷாக் ஆயில் விட்டு பலதடவை ஆட்டிக் காத்தை வெளியேத்துங்க, பல ஷாக் இதுலயே உயிர் வந்துரும். மறுபடி ஒரு மாசத்துல குறைஞ்சா சீல் போச்சு, அதையும் பிரிச்சு சரி பண்ற ஆளுங்க இருக்காங்க. கொடைக்கானல் மலை ஏறணும்னு இருக்கிறவங்க ஷாக்கைத் தள்ளிப் போடக் கூடாது, இறங்கும்போது பிரேக் பிடிச்ச வீல் குதிச்சா டயர் ரோட்டைத் தொடுற நேரம் குறையும், பிரேக் எவ்வளவு நல்லா இருந்தாலும் வண்டி நிக்கிற தூரம் கூடிரும்.

கடைசியா ஸ்பிரிங். "ஸ்பிரிங் லூஸாயிருச்சு"ன்னு சொல்றது தப்பான பேச்சு. எஃகோட விறைப்பு வருஷத்தால மாறாது, மாறுறது உயரம்தான், பாரத்தைத் தாங்கித் தாங்கி கொஞ்சம் கொஞ்சமா உக்காந்துரும். உயரம் குறைஞ்ச வண்டி மெத்துன்னு ஓடாது, மாறா முரட்டுத்தனமா ஓடும், ஏன்னா ஒவ்வொரு பள்ளத்துலயும் பம்ப் ஸ்டாப் ரப்பர்ல போய் இடிக்குது. அந்த ரப்பர் இடிக்கிற இடத்துல பெயின்ட் தேய்ஞ்சு பளபளன்னு இருக்கான்னு பாருங்க, இருந்தா அடிக்கடி இடிக்குதுன்னு அர்த்தம். பெட்ரோல் பங்க் மாதிரி சமமான தரையில நிறுத்தி, நாலு டயருக்கும் சரியான காத்து வச்சு, ஹப் நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப்பால அளந்து எழுதி வையுங்க. இடதுக்கும் வலதுக்கும் அரை இஞ்சுக்கு மேல வித்தியாசம் இருந்தா தேடணும். ஆனா மேல சொன்ன ரப்பரும் மூட்டும் முடிச்ச பிறகு அளங்க, செத்த புஷ்ஷே கொஞ்சம் உயரத்தைத் தின்னிருக்கும்.

அம்பாசிடர் முன்னாடி தாழ்ந்தா புது டார்ஷன் பார் தேட வேண்டாம், பெரும்பாலும் பின் முனையில இருக்கிற ஸ்ப்ளைன் பல்லுல மாத்திப் பூட்டி உயரத்தை ஏத்திக்கலாம், கனமான டீசல் எஞ்சின் ஏத்துன வண்டிகளுக்கு இது அடிக்கடி வர்ற வேலை. கழட்டுறப்ப இடது வலதுன்னு அடையாளம் போட்டுக்கோங்க, ஒரு பக்கமா முறுக்கிப் பழகுன பாரை எதிர்ப்பக்கம் போட்டா உடையலாம். பாரோட மேல்தோல்ல ஆழமான கீறலோ துருக்குழியோ இருந்தா மட்டும் மாத்திருங்க, விரிசல் அங்கதான் பிறக்கும். பத்மினி காயிலுக்கு நடுவுல ரப்பர் வளையம் சொருகி உயரம் ஏத்துறது எனக்குப் பிடிக்காத வேலை, சில சுத்துகளை வேலை செய்ய விடாம அடைச்சிட்டு மத்த சுத்துகள் மேல பாரத்தை ஏத்துது. ஹெரால்டுல பின்னாடி குறுக்கால ஒரே லீஃப் ஸ்பிரிங், ஸ்விங் ஆக்சில் (ரெண்டு வீலுக்கும் தனித்தனியா ஊசலாடுற ஆக்சில்), ஸ்பிரிங் உக்காந்தா பின் வீல் ரெண்டும் மேல்பக்கம் உள்ள சாஞ்சு நிக்கும், தூரத்துல இருந்தே தெரியும். இந்த ஆக்சில் நம்ம ரோட்டுக்கும் பாரத்துக்கும் ஒத்துவரலைன்னுதான் 1972-ல வந்த ஸ்டாண்டர்டு கெசல்ல நேர் ஆக்சிலா மாத்துனாங்க.

லீஃப் ஸ்பிரிங்ல உயரத்தை விட முக்கியம் விரிசல். மெயின் பிளேட்டு கண் பக்கத்துலயும், ஸ்பிரிங்கை ஆக்சிலோட கட்டுற யூ போல்ட் பிடிக்கிற இடத்துலயும், சென்டர் போல்ட் ஓட்டையிலயும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சுட்டுப் பாருங்க, துருக்கோடு மாதிரி இருக்கிறது பல நேரம் விரிசல். சென்டர் போல்ட் உடைஞ்சா ஆக்சில் ஒரு பக்கம் பின்னாடி நகர்ந்துரும், வண்டி நண்டு மாதிரி சாஞ்சு ஓடும். முன் ஹப்புல இருந்து பின் ஹப் வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்தா மாட்டிக்கும், கால் இஞ்சுக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. விரிசல் இல்லாம வெறும் வளைவு மட்டும் போன ஸ்பிரிங்கை பட்டறையில வளைவு ஏத்தி வாங்கலாம், ஆனா சூடு பண்ணி ஏத்துனா மறுபடி டெம்பர் சரியா வச்சுக் குடுக்கத் தெரிஞ்ச ஆளா இருக்கணும், இல்லைன்னா ஆறு மாசத்துல பழைய இடத்துக்கே இறங்கிரும்.

எதை உடனே செய்யணும், எதைத் தள்ளிப் போடலாம்னு கேட்டா, மூட்டுல கையில தெரியுற ஆட்டம், ட்ரனியன் மரைத் தேய்மானம், பிளேட்டு விரிசல், யூ போல்ட் லூஸ், இந்த நாலும் இருந்தா வண்டியை வீட்டுல இருந்து எடுக்கவே வேண்டாம். ஷாக் போனா ஊருக்குள்ள மெதுவா ஓட்டிக்கிட்டு ஒரு மாசத்துக்குள்ள மாத்திருங்க. கிறீச் சத்தம், ஒரே சீரா இறங்குன உயரம், இதெல்லாம் காசு சேர்ற வரைக்கும் காத்திருக்கும். ரோட்டோட சாய்வுக்கு வண்டி லேசா இடது பக்கம் இழுக்கிறது நோயே இல்ல, சமமான மைதானத்துல கையை விட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

வேலை முடிஞ்சதும் அலைன்மெண்ட் அன்னைக்கே பண்ணிருங்க, 500 கிலோமீட்டர் ஓடுன பிறகு யூ போல்ட்டையும் ஆர்ம் போல்ட்டையும் மறுபடி டைட் பார்த்துட்டு அலைன்மெண்ட்டையும் இன்னொரு தடவை சரி பாருங்க, புது ரப்பர் உக்காந்ததும் அளவு கொஞ்சம் மாறும். கழட்டுன பழைய சாமானைப் பட்டறையிலேயே விட்டுட்டு வராதீங்க. லீவர் ஷாக் பாடி, ஸ்டப் ஆக்சில், ட்ரனியன், டார்ஷன் பார் எல்லாம் தேய்ஞ்சிருந்தாலும் புஷ் அடிச்சு, லேத்துல கடைஞ்சு மறுபடி உயிர் குடுக்கிற சாமான், புதுசு வர்ற வழி அடைஞ்சுக்கிட்டே வருது. மண்ணெண்ணெயில கழுவி, கிரீஸ் தடவி, எந்தப் பக்கத்துச் சாமான், எந்த வருஷம் கழட்டுனதுன்னு ஒரு சீட்டு கட்டி சாக்குல போட்டு ஷெட்டுல ஏத்தி வச்சிருங்க.